ஜும்ஆ நேரத்து நெருப்பு

வரிப்பத்தான்சேனை
13.08.1984

காக்கா,

காட்டுக்குத் தீ வைத்தது உங்கள் கூட்டாளி பதியுதீன். அதற்காகப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது நம் மாடு பார்க்கும் குணம் அண்ணனை.

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாத்தை முதலில் எழுதுவதுதான் முறை. ஆனால் மேலே உள்ளதை எழுதி முடிக்கும்வரை வேறெதுவும் எழுத வரவில்லை. உம்மாவுக்குப் புகையால் இழுப்பு கூடியிருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை. சவூதி வெயில் உங்கள் உடம்பைக் கெடுக்காமல் இருக்க இருவரும் துஆ கேட்கிறோம்.

நம் பின்வேலியில் நின்றால் என்ன தெரியும் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. முதலில் வயல், பிறகு வாய்க்கால். அதற்கு அப்பால் நம் மாட்டுப் பட்டி நிற்கும் வெளி. அப்புறம் நாவலடி மடு. மடுவுக்கு அப்பால் மலைவரைக்கும் காடு. அந்தக் காடுதான் எரிகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் ஈர்க்குப் போல ஒரு புகை மடுவுக்கு அப்பாலிருந்து எழும்பியது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆண்கள் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது மலையைக் காணவில்லை. மலை இருந்த இடத்தில் புகை நின்றது.

பதியுதீன் கூலிக்கு ஆள் பிடித்து அங்கே காடு வெட்டிக் காயவிட்டிருந்தது ஊர் முழுக்கத் தெரியும். வெட்டிக் காயவிட்டவன்தான் கொளுத்துவான். கொளுத்தினால் அது சேனைப் பயிர் நிலம். சில போகம் சோளம் போட்டால் அது காணி. பிறகு அரசாங்கப் பத்திரம். இந்தப் பக்கத்தில் எத்தனை பெரிய மனிதர்களின் வயல் இப்படிப் பிறந்தது! கச்சான் ஓயும்வரை பொறுத்து, சுற்றிவர நிலத்தைச் செதுக்கிவிட்டுத்தான் கொளுத்த வேண்டும் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பொறுமை இல்லை. யாரும் பார்க்காத நேரம் வேண்டும். அது ஜும்ஆ நேரம்.

பின்னேரம் பொலிஸ் வந்தது. பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் அப்துல் ஸமட் மரைக்கார் முன்னால் போய் நின்றார். "ஜும்ஆ நேரம் ஊர் ஆம்பிளையள் எல்லாரும் பள்ளிக்குள்ள. வெளியில நிண்ட ஆம்பிளை ஆரு? குணம் மட்டும்தானே!" என்றார். கணக்கு முடிந்துவிட்டது. ஊரில் இரண்டு வகை ஆண்கள்: ஜும்ஆவில் இருந்தவர்கள், குணம்.

இது காடு கொளுத்திய வழக்கோடு நிற்காது, காக்கா. இந்தக் காலத்தில் ஒரு தமிழ் ஆளைக் காட்டோரம் பிடித்தால் வேறு கேள்விதான் கேட்கிறார்கள். எந்த இயக்கப் பையனை ஒளிக்கக் கொளுத்தினாய், யாருக்குச் சோறு கொடுக்கிறாய் என்று. பக்கத்து ஊர்களில் கொண்டுபோன பையன்கள் எங்கே என்று தாய்மாருக்கே தெரியாது.

குணம் அண்ணன் வைக்கவில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று இதில் எழுதவில்லை. பொலிசில் போய்ச் சொல்லத் தயாராக இருக்கிறேன். உம்மா விடுகிறா இல்லை. "வாப்பா மவுத்தான பொறகு ஒனக்குப் பொறுப்பு காக்காதான். அவன் போகச் சொன்னாப் போ" என்கிறா. ஆகையால் "போ" என்று ஒரு வரி எழுதுங்கள். அது போதும்.

இப்படிக்கு,
தங்கச்சி ஸுல்பிகா

*

வரிப்பத்தான்சேனை
24.08.1984

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகத்தை அறிய ஆவல். உம்மா இருந்தபடி தூங்குகிறா. படுத்தால் மூச்சு முட்டுகிறது.

உங்கள் பதில் வந்துசேர நாளாகும் என்று தெரிந்தும் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். நெருப்புக்கும் அது தெரியும்போல. காத்திருக்கவில்லை. மடுவைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. பகலில் புகை. பொழுது பட்டால் மலையில் சிவப்பு மாலை போட்டதுபோலத் தெரிகிறது. பார்க்க அழகுதான், சொன்னால் அடிப்பீர்கள். உலர்த்திய துணியில் சாம்பல், சோற்றுப்பானையில் சாம்பல், கிணற்றுத் தண்ணீரில் சாம்பல். காட்டுப் பன்றிகள் வயலுக்குள் குடும்பத்தோடு நிற்கின்றன. குரங்குகள் நம் தென்னையில் ஏறிக்கொண்டு நெருப்பைப் பார்க்கின்றன. நாங்களும் அவைகளும் ஒரே வேலைதான் செய்கிறோம்.

நெருப்பு நெருங்கியபோது, குணம் அண்ணன் இல்லாமல் பட்டியின் கடப்பைத் திறக்க ஆள் இல்லை. மாடுகள் உள்ளே நின்று கத்துவது வீட்டுக்குக் கேட்டது. ஆண்களிடம் கேட்டோம். "காத்து ஒரு பக்கமா இல்ல, எங்களுக்கும் புள்ளகுட்டி இரிக்கி" என்றார்கள். அது நியாயம்தான். அப்போது தம்பிலுவிலிலிருந்து பூரணம் அக்கா, குணம் அண்ணனின் மனைவி, வந்து சேர்ந்தா. புருஷனைத் தேடிப் பொலிசுக்குப் போய்விட்டு அப்படியே வந்தவ. சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, "வா புள்ள" என்றா. நானும் போனேன். முகத்தில் அடித்த சூட்டில் இமைமயிர் கருகிவிட்டது. கடப்புக் கட்டையை இழுத்துப் போட்டோம். மாடுகள் எங்களைத் தள்ளிக்கொண்டு வாய்க்கால் பக்கம் ஓடின. ஒரு நாம்பன் மாடு மட்டும் திரும்பி நெருப்புக்குள்ளேயே போனது. ஏன் என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது பூரணம் அக்கா சொன்னா: "எங்க நிண்ட எண்டு கேட்டு அடிக்கிறாங்களாம். வெளியில படுத்துக் கிடந்த எண்டு மட்டும் சொல்றார். ஜும்ஆ நேரம், அந்த வெயிலுக்குள்ள எந்த மனிசன் வெளியில படுப்பான்? எனக்கே நம்பேலாமக் கிடக்கு." பிறகு, "அவருட்ட இல்லாத ஒரு சாறனை உடுத்துக்கொண்டு நிக்கிறார். பச்சைக் கோடு போட்டது" என்றா.

நெருப்புக்கு முன்னால் நிற்க முடிந்த எனக்கு அந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

"போ" என்று எழுதுங்கள், காக்கா.

தங்கச்சி ஸுல்பிகா

*

தம்மாம்
27.08.1984

பாசமுள்ள தங்கச்சி ஸுல்பிகாவுக்கு காக்கா மர்சூக் எழுதிக்கொள்வது, வஅலைக்குமுஸ்ஸலாம். வல்ல அல்லாஹ்வின் காவலில் நான் சுகமாக இருக்கிறேன். உன்னையும் உம்மாவையும் அவன் அதே காவலில் வைப்பானாக.

உன் 13ஆம் திகதிக் கடிதம் கிடைத்தது. நெருப்பை நினைத்து நித்திரை இல்லை. உம்மாவுக்கு இழுப்புக்கு நல்ல மருந்து, ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். ஹஜ் காலம் என்பதால் இங்கே வேலை நெருக்கடி.

நெருப்பு இப்போது எங்கே நிற்கிறது என்று எழுது. மடுவுக்கு அப்பால் உள்ள துண்டு முழுக்க எரிந்துவிட்டதா, இல்லை பெரிய மரங்கள் அப்படியே நிற்கின்றனவா? மலையடி வரைக்கும் வெளித்துவிட்டதா? வேலியில் நின்று பார்த்தால் தெரியும். கவனித்து எழுது.

ஒருவரைப் பற்றி ஆதாரம் இல்லாமல் பேசுவது புறம். பதியுதீன் நம் குடும்பத்துக்குச் செய்த உதவிகளை நீ அறியமாட்டாய். குணத்தின் விஷயத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். குற்றமில்லாதவனை அல்லாஹ் கைவிடமாட்டான். நீ கேட்டதைப் பற்றி யோசித்துப் பிறகு எழுதுகிறேன்.

உனக்குப் பேசும் சாய்ந்தமருதுச் சம்பந்தம் அநேகமாகச் சரிவரும். மாப்பிள்ளைக்கு அரசாங்கக் கந்தோரில் வேலை. அவர்கள் கேட்டதை எல்லாம் நான் ஒழுங்கு செய்துகொண்டிருக்கிறேன். வீட்டுக்குள் அடக்கமாக இரு.

அன்புடன்,
மர்சூக்

*

வரிப்பத்தான்சேனை
09.09.1984

காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தது. தொழுகைக்குப் போனவர்களின் வெள்ளை உடுப்பெல்லாம் சாம்பற்புள்ளி. உம்மா நீங்கள் அனுப்பிய மருந்தைக் குடிக்கிறா, கொஞ்சம் பரவாயில்லை. உங்கள் சுகத்துக்கு துஆ.

நெருப்பு வெளியைத் தின்றுவிட்டு வாய்க்கால் ஓரத்தில் நிற்கிறது. வாய்க்காலில் சேறுதான், தண்ணீர் இல்லை. இந்தக் கரையில் அறுத்த வயலின் வைக்கோல். ஒரு பொறி பறந்தால் போதும். பெண்கள் முறைவைத்துக் குடத்தோடு நிற்கிறோம். நீங்கள் கேட்ட துண்டு முழுக்க எரிந்துவிட்டது. பெரிய மரம் ஒன்றும் நிற்கவில்லை. மலையடி வெளித்துவிட்டது. நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று கேட்பதற்கு முன் மரங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு மரங்களில் இவ்வளவு அன்பு என்று தெரியாது.

நீங்கள் ஆதாரம் கேட்டதால் எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை, புகை எழும்பிய நேரம், குணம் அண்ணன் நம் கிணற்றுக்குள் இருந்தார்.

சாச்சியின் மகளுக்குப் பிள்ளை கிடைத்து, உம்மா அங்கே போயிருந்தா. நான் தனிய. குணம் அண்ணன் தயிர்ச் சட்டியைக் கடப்படியில் வைத்துவிட்டுக் கூப்பிட்டார். உம்மா இல்லாவிட்டால் அவர் வளவுக்குள் கால் வைப்பதில்லை, உங்களுக்குத் தெரியும். கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் கிடந்தது. "உம்மா வரட்டும் புள்ள, பொறகு எடுப்பம்" என்றார். "குடிக்கத் தண்ணி இல்ல அண்ணன், எறங்குங்க" என்று நான்தான் வற்புறுத்தினேன். அவர் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்போது பள்ளியில் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். அடியிலிருந்து சிரித்தார். "ஊரெல்லாம் பள்ளிக்குள்ள, நான் மட்டும் கிணத்துக்குள்ள. ஒங்கட ஆக்கள் தேடப்போறாங்க புள்ள!"

மேலே வந்தபோது நனைந்து நடுங்கினார். வாப்பாவின் பச்சைக் கோடு போட்ட மருதமுனைச் சாறனைக் கொடுத்தேன். கொட்டிலுக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்தார். அப்போதுதான் இருவரும் புகையைக் கண்டோம். "ஐயோ, மாடு!" என்று ஓடினார். நெருப்பை நோக்கி ஓடியவரைத்தான் நெருப்பு வைத்தவர் என்று பிடித்திருக்கிறார்கள்.

அடி வாங்கியும் அவர் இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்கு விளங்கும். கலியாணமாகாத குமர்ப்பிள்ளை தனிய இருந்த வீட்டில், ஜும்ஆ நேரத்தில், ஒரு தமிழ் ஆள், வாப்பாவின் சாறனோடு. ஊருக்கு இதைவிட வேறென்ன தீனி வேண்டும்? என் பேரைக் காப்பாற்ற ஒரு மனிதர் உதை வாங்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்தப் பேர் வேண்டாம்.

"போ" என்று எழுதுங்கள்.

ஸுல்பிகா

*

தம்மாம்
24.09.1984

தங்கச்சி ஸுல்பிகாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். உம்மாவின் சுகத்தை எழுது.

கிணற்று விஷயத்தை வேறு யாரிடமாவது சொன்னாயா? சொல்லியிருந்தால் யாரிடம்? உடனே எழுது. சொல்லாவிட்டால் இனிமேலும் சொல்லாதே. சாய்ந்தமருதுக்காரர் காதில் விழுந்தால் அத்தோடு முடிந்தது. உனக்காக நான் இந்த மணலில் படுகிற பாடெல்லாம் வீணாகிவிடும்.

குணம் நல்லவன். அதை நான் மறுக்கவில்லை. அவனே சொல்லாததை நீ ஏன் சொல்ல வேண்டும்? அவன் கொடுத்த மரியாதையை நீயே கெடுக்கலாமா? கொஞ்ச நாளில் விட்டுவிடுவார்கள்.

மடுவுக்கு அப்பால் இப்போது யாராவது உழுகிறார்களா?

மர்சூக்

*

வரிப்பத்தான்சேனை
08.10.1984

என்ட சீதேவி மகன் மர்சூக்குக்கு உம்மா ஆயிஷா சொல்ல, பக்கத்து வீட்டு பரீனா எழுதுறது. ஸலாம் மனே. நீ நேரத்துக்குத் தின்னுறியா? இரா வெயிலுக்குள்ள படுத்து எழும்புற புள்ள எண்டு நினைச்சா எனக்குத் தொண்டையால சோறு இறங்குதில்ல. ராவில வெயில் இல்லையாம், பரீனா சிரிக்காள். சரி, வெக்கை எண்டு எழுது புள்ள.

இவளுக்குத் தெரியாமத்தான் எழுதுவிக்கிறன். உன்ட கடிதம் வந்த நேரம் தொடக்கம் இவள் என்னோட கதைக்கிறாள் இல்ல. வேலியில போய் நிண்டு நெருப்பைப் பாத்துக்கொண்டே இரிக்காள். நெருப்பு அடங்கிட்டுது, கட்டைகள் மட்டும் புகையுது. அதையும் பாத்துக்கொண்டு நிக்காள்.

மனே, அந்தச் சாறன் விஷயம் எனக்கு அண்டைக்கே தெரியும். கொடியில கிடந்த சாறனைக் காணல்ல. குணத்துட கால்சட்டை கொட்டிலுக்குப் பின்னால கிடந்திச்சி. எடுத்துத் தோச்சி மடிச்சி வெச்ச நான்தான். ஒண்டும் கேக்கல்ல. கேட்டா இவள் சொல்லிருவாள் எண்டு பயம்.

இவளைப் போகவேணாம் எண்டு நீ கண்டிச்சி எழுது எண்டு சொல்லத்தான் பரீனாவைக் கூப்பிட்ட. சொல்ல வந்த பொறகு வாய் வருதில்ல மனே. உன்ட வாப்பாக்குக் காட்டுக்குள்ள பாம்பு தீண்டின நேரம் அவரைத் தோளில போட்டுக்கொண்டு வாய்க்காலைக் கடந்து வந்தவன் குணம். மய்யித்தாத்தான் கொண்டு வந்தான். எண்டாலும் கொண்டு வந்தான். காட்டில விட்டுட்டு வரல்ல.

நீ போகச் சொன்னா நானும் இவளோட போறன். இனி நீ யோசி.

உம்மா

*

வரிப்பத்தான்சேனை
12.10.1984

காக்கா, அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று முதல் மழை பெய்தது. காடு முழுக்க ஆவி எழும்பியது. பிறகு புகை இல்லை. இவ்வளவு நாளும் புகைக்குப் பின்னால் இருந்தது இப்போது தெரிகிறது. மலையடிவரை கறுப்பு, நடுவில் ஒரு சிவப்பு உழவுயந்திரம்.

இன்று அந்த உழவுயந்திரத்தோடு பதியுதீன் நம் வாசலுக்கு வந்தார். உம்மா தேத்தண்ணி கொடுத்தா. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"மாமி, இனி ஒரு யோசனையும் இல்ல. நெருப்பும் போச்சி" என்றார்.

"குணம் எப்ப வருவான்?" என்று உம்மா கேட்டா.

"அது பொலிஸ்ட வேலை மாமி. எங்களுக்கென்ன? நாங்க எல்லாரும் ஜும்ஆவில நிண்ட."

எனக்குப் பொறுக்கவில்லை. "பதியுதீன் காக்கா, அண்டைக்குக் குத்பாவில என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையை வைத்தார். "குத்பா அரபுலதானே ஓதுற. எனக்கென்ன விளங்கும்?"

"அண்டைக்குத் தமிழ்ல பயான் நடந்த. அக்கரைப்பற்று ஆலிம் வந்து, அயல்வீட்டார்ர உரிமையப் பத்தி. எங்கட சமையலறைக்கே கேட்டிச்சி. நீங்க தொழுகையில எந்த றக்அத்துக்கு வந்தீங்க?"

உம்மா "சும்மா இரி புள்ள" என்றா. ஆனால் அவரை உட்காரச் சொல்லவில்லை. அவர் எழும்பிவிட்டார். முகம் கறுத்துப் போயிருந்தது. அந்தக் கோபத்தில் சொன்னார், காக்கா. நான் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை:

"என்னக் கேள்வி கேக்கிறாய், என்ன? அந்தக் காணி ஆருக்கு? ஒனக்கு! சாய்ந்தமருதுக்காரன் சீதனத்துக்கு வயல் கேட்டான், வயல் இல்ல. மர்சூக் சொல்லித்தான் வெட்டின. மர்சூக் அவசரப்படுத்தித்தான் கச்சானுக்குள்ள பத்தவெச்ச. ஜும்ஆ நேரம் ஒரு குஞ்சும் காணாது எண்டு சொல்லித் தந்ததும் உன்ட காக்காதான். இப்ப நான் கள்ளன், நீங்க நல்லாக்கள்!"

உழவுயந்திரம் போன சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. உம்மா கோப்பையைக் கழுவவில்லை. அது அப்படியே கிடக்கிறது.

முதல் கடிதத்தில் தீ வைத்தது பதியுதீன் என்று எழுதினேன். பாதியைத்தான் எழுதியிருக்கிறேன். மரங்களைப் பற்றி நீங்கள் ஏன் அவ்வளவு கேட்டீர்கள் என்பது இப்போது விளங்குகிறது. எனக்கு வீடு கட்டவும் வயல் தேடவும் கடல் தாண்டிப் போனவர் நீங்கள். அந்தப் பாரத்தை உங்கள் தலையில் வைத்த ஊரை நான் வெறுக்கிறேன். உங்களை வெறுக்க முடியவில்லை. ஆனால் எனக்கென்று கொளுத்தின நெருப்பில் இன்னொருத்தியின் புருஷன் வேக நான் கலியாணப் பட்டு உடுக்கமாட்டேன்.

பதியுதீன் சொன்னது பொய் என்றால் பொய் என்று எழுதுங்கள். உங்களைத்தான் நம்புவேன்.

ஸுல்பிகா

*

தம்மாம்
29.10.1984

தங்கச்சிக்கு, ஸலாம். நான் சுகம்.

இங்கே வெயில் குறைந்து இதமாக இருக்கிறது. கடிதங்களில் இப்படியெல்லாம் எழுதாதே. வழியில் திறந்து பார்க்கிறார்கள் என்று சொல்கிறார்கள்.

நான் எதைச் செய்தாலும் உனக்காகத்தான். காணி உன் பேரில்தான் வரும். உம்மாவைப் பார்த்துக்கொள். மழை தொடர்ந்து பெய்கிறதா?

மர்சூக்

*

வரிப்பத்தான்சேனை
20.11.1984

காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மழை தொடர்ந்து பெய்கிறது. உம்மாவுக்கு இழுப்பு இல்லை.

பொய் என்று நீங்கள் எழுதவில்லை. அது எனக்குப் பதில்.

நீங்கள் "போ" என்றும் எழுதவில்லை. நாங்கள் போனோம். உம்மாவும் நானும் பூரணம் அக்காவும். மடித்து வைத்திருந்த குணம் அண்ணனின் கால்சட்டையை உம்மா பையில் கொண்டு வந்தா. பொலிஸ் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஒரு கான்ஸ்டபிள் மொழிபெயர்த்தார். நான் சொன்னதை அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கிணத்துக்குள்ள வாளி மட்டுமா தேடின?" என்று கான்ஸ்டபிள் என்னிடம் தமிழில் கேட்டார். அதை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. "வீட்டு ஆம்பிளை எங்க? அவரைக் கூட்டிட்டு வா" என்றார்கள். நான் சொன்னதில் ஒரு எழுத்தும் எழுதவில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் கதை வந்துவிட்டது. மரைக்கார் வாசலில் நின்றார். "குமர்ப்பிள்ளை பொலிசுக்குப் போனா ஊர்ப் பள்ளிக்கு மானக்கேடு" என்றார். "ஜும்ஆவில நிண்ட ஆம்பிளையள் ஒருத்தருக்கொருத்தர் சாட்சி சொன்னீங்க. கிணத்துக்குள்ள நிண்டவருக்கு நான்தான் சாட்சி" என்றேன். அவருக்குப் பின்னால் யாரோ துப்பினார்கள். சாய்ந்தமருதுக்காரர் ஆள் அனுப்பி வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆகவே உங்களுக்கு இனி அந்தப் பயம் தேவையில்லை. அந்தக் காணியும் தேவையில்லை.

குணம் அண்ணனை இடம் மாற்றிவிட்டார்கள். ஓர் ஆமி முகாமுக்கு என்கிறார்கள். எந்த முகாம் என்று சொல்லவில்லை. கல்முனையில் பூரணம் அக்கா ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருக்கிறா, கனகரெத்தினம் என்று பேர். முகத்தைப் பார்த்துப் பேசும் மனிதர். "தங்கச்சி, நீங்க சொல்றத எடுபடாமச் செய்வாங்க. ஆனா கொளுத்தச் சொன்ன ஆளே கையெழுத்துப் போட்டு எழுதித் தந்தா, அதை வெச்சு நான் நீதவானுக்கு முன்னால போவன். அதுக்கு முதல் குணத்தை எங்க கொண்டுபோனாலும் என்னால தடுக்க ஏலாது" என்றார்.

நீங்கள் அங்கே இருக்கும்வரை உங்களை ஒருவரும் தொடமுடியாது. எழுதினால் ஊருக்கு வருவது கஷ்டமாகும். தெரிந்துதான் கேட்கிறேன்.

ஸுல்பிகா

*

வரிப்பத்தான்சேனை
08.01.1985

காக்கா, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால் தவறியிருக்கலாம் என்று உம்மா சொல்கிறா. உம்மாவின் மாதக் காசு தவறாமல் வருகிறது.

ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை என்று எனக்கு ஓதித் தந்தது நீங்கள். வேறு ஒன்றும் எழுத விருப்பமில்லாவிட்டால் அதையாவது எழுதுங்கள். உயிரோடு இருக்கிறீர்கள் என்று உம்மாவுக்குத் தெரியட்டும்.

நாங்கள் சுகம். கிணறு விளிம்புவரை நிறைந்து, கையால் தண்ணீர் அள்ளலாம். வாளி தேவையில்லை. பின்வேலியில் நின்றால் மலையடிவரை பச்சை. பதியுதீனின் சோளம். தூரத்திலிருந்து பார்த்தால் அங்கே ஒரு காடு இருந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பூரணம் அக்கா நம் வீட்டில் இருக்கிறா. தம்பிலுவிலில் இருந்தால் அவவையும் விசாரிக்க வருகிறார்கள். நான் இதை எழுத, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறா. அவவுக்கு வாசிக்கத் தெரியாது. "என்ன எழுதுறாய்?" என்று கேட்டா. "காக்காட்ட சுகம் விசாரிக்கிறன்" என்றேன். "எங்கட விஷயத்தையும் ஒரு சொல்லு எழுது புள்ள, மர்சூக் தம்பி நல்ல புள்ள" என்றா. கொளுத்தச் சொன்ன ஆள் நீங்கள்தான் என்று நான் இன்னும் அவவுக்குச் சொல்லவில்லை. எவ்வளவு நாள் சொல்லாமல் இருப்பேன் என்று தெரியவில்லை.

வெற்றுத் தாள் ஒன்றை மடித்து இதற்குள் வைத்திருக்கிறேன். நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. நான் சொல்வதைப் பார்த்து எழுதினால் போதும்:

"ஜும்ஆ நேரத்தில் காட்டைக் கொளுத்தச் சொன்னது நான். குணம் அல்ல."

கீழே கையெழுத்து வையுங்கள், காக்கா. இன்றைக்கே வையுங்கள்.